நிஜோ கோட்டை அரண்மனையும் தோட்டமும்: தோழியோடு போய் வந்த பிறகு என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

ஜப்பானின் பழைய தலைநகரமான கியோட்டோவுக்கு ஒரு பிப்ரவரி மாதம் நானும் என் கல்லூரித் தோழியும் போயிருந்தோம். ஒரு முழுக் காலைப்பொழுதை நிஜோ கோட்டைக்கென்று ஒதுக்கினோம். அவள் கட்டடப் பொறியாளர், எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்காமல் நகர மாட்டாள். நான் அறிவிப்புப் பலகை ஒன்றைக்கூட விடாமல் படிக்கிறவள். திரும்பி வந்ததிலிருந்து, கியோட்டோ போகிற ஒவ்வொருவரும் எங்களிடம் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சேர்த்து எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கோட்டையா, அரண்மனையா? பெயரிலேயே குழப்பமாக இருக்கிறதே?

இரண்டும்தான். வெளியே அகழி, மதில், காவல் கோபுரம் என்று கோட்டை. உள்ளே போனால் மரத்தாலான அரண்மனை. 1603இல் தொகுகவா இயெயாசு கட்டியது. போர்களை எல்லாம் ஜெயித்து ஷோகுன் பட்டம் வாங்கியவர், அதாவது நாட்டின் படைத்தலைவர். ஆட்சி நடந்தது இன்று டோக்கியோ எனப்படும் எடோவில். பேரரசர் இருந்தது கியோட்டோவில். பேரரசரைப் பார்க்க வரும்போது ஷோகுன் தங்குவதற்கென்று எழுப்பிய இடம் இது. பேரரசரின் மாளிகைக்கு அவ்வளவு பக்கத்தில் இத்தனை பெரிய அகழி வெட்டியதில் "யார் கையில் அதிகாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற சேதியும் இருந்தது.

அகழி, மதில் எல்லாம் சேர்த்து சுமார் 2,75,000 சதுர மீட்டர். உள்ளே இரண்டு அரண்மனைகள்: நினோமாரு, ஹொன்மாரு. பெரும்பாலானோர் "நிஜோ கோட்டை பார்த்தேன்" என்று சொல்வது நினோமாருவைத்தான்.

பேரரசர் மாளிகையும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. பேரரசர் மாளிகை வடகிழக்கே தனியாக ஒரு பெரிய பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, ஆனால் கட்டடங்களுக்குள் விடமாட்டார்கள், முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். கத்சுரா மாளிகைத் தோட்டம் என்று இன்னொன்று உண்டு, அதற்கு முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. நிஜோவில் டிக்கெட் எடுத்து நேரே அரண்மனைக்குள் நடக்கலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எப்படிப் போவது? எவ்வளவு ஆகும்?

கியோட்டோ ஸ்டேஷனில் கராசுமா பாதை மெட்ரோவில் ஏறி, கராசுமா ஒய்கேயில் இறங்கி, தொசாய் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே நிஜோஜோ-மாயே. 'நிஜோ கோட்டைக்கு முன்னால்' என்றுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். படியேறி வெளியே வந்தால் அகழி தெரியும். நாங்கள் அவசரத்தில் 'நிஜோ' என்று மட்டும் இருந்த அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டு, மதிலைச் சுற்றிக் குளிரில் நடந்தோம். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

நாங்கள் போனபோது கோட்டைக்கும் நினோமாருவுக்கும் சேர்த்து ஒருவருக்கு 1,300 யென். ஹொன்மாருவுக்குத் தனி டிக்கெட், அதையும் முன்பதிவு செய்ய வேண்டும். வருடக் கடைசி நாட்களில் கோட்டை மூடியிருக்கும், சில மாதங்களில் செவ்வாய்க்கிழமை நினோமாருவுக்கு விடுமுறை. கிளம்பும் முன் அவர்களுடைய தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காலை 8.45க்குக் கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் வருவதற்குள் பாதி பார்த்துவிடலாம்.

உள்ளே ஒன்றுமே இல்லையாமே? வெறும் அறைகள்தான் என்று ஒருவர் சொன்னாரே?

அவர் சொன்னது பொய் இல்லை. நாற்காலி, கட்டில், அலமாரி எதுவும் கிடையாது. 33 அறைகள், 800க்கும் மேற்பட்ட தாதாமிப் பாய்கள், அவ்வளவுதான். அறைக்குள் கால் வைக்கவும் முடியாது, தாழ்வாரத்தில் ஒருவழிப் பாதையாக நடந்துகொண்டே எட்டிப் பார்க்க வேண்டும். ஓவியங்கள் மங்காமலிருக்க வெளிச்சத்தையும் குறைத்து வைத்திருக்கிறார்கள். வேகமாக நடந்தால் இருபது நிமிடத்தில் வெளியே வந்து "இதுக்கா 1,300 யென்?" என்று கேட்கலாம். கேட்கிறவர்களைப் பார்த்தோம்.

இந்த அரண்மனையைப் படிக்க ஒரு சாவி வேண்டும். நம் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணையோடு பேசி அனுப்பப்படுகிறவர் ஒருவர், கூடத்தில் உட்கார வைக்கப்படுகிறவர் ஒருவர், நேரே அடுக்களை வரை வருகிறவர் ஒருவர். யார் எதுவரை வரலாம் என்பதிலேயே உறவு தெரிந்துவிடும். நினோமாருவும் அப்படித்தான். ஆறு கட்டடங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, வானத்தில் வாத்துக்கூட்டம் பறக்கிற மாதிரி குறுக்காக விலகி விலகி நிற்கின்றன. முக்கியமான ஐந்தை மட்டும் சொல்கிறேன். முதலில் தொசாமுராய்: வந்தவர்கள் காத்திருக்கும் இடம். அடுத்து ஷிகிதாய்: அமைச்சர்கள் வந்து விசாரித்து, ஷோகுனுக்கான காணிக்கைகளை வாங்கிக்கொள்ளும் இடம். பிறகு ஒஹிரொமா என்ற பெருங்கூடம், ஷோகுன் சிற்றரசர்களைச் சந்திப்பது இங்கே. அதையும் தாண்டினால் குரோஷொயின், நெருக்கமானவர்களுக்கு மட்டும். கடைசியில் ஷிரோஷொயின், ஷோகுன் தூங்கி எழுந்த இடம்.

உள்ளே போகப் போக ஓவியங்களின் குரல் தணிந்துகொண்டே வருவதைக் கவனியுங்கள். வாசலருகே உறுமுகிற புலிகள். பெருங்கூடத்தில் அறையையே விழுங்குகிற பைன் மரங்கள், தங்கத் தகட்டுப் பின்னணியில். குரோஷொயினில் செர்ரிப்பூ. கடைசி அறைகளில் தங்கப் பகட்டு போய், மசியில் தீட்டிய மலையும் நீரும். வெளியாளுக்கு மிரட்டல், வீட்டுக்காரருக்கு அமைதி. இது பிடிபட்ட பிறகு நாங்கள் இரண்டாம் சுற்றுக்குத் திரும்பினோம். ஒருவழிப் பாதை என்பதால் வாசலுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அந்தப் புலிகளில் ஏதோ விசேஷம் என்றார்களே?

வரைந்தவர்கள் யாரும் உயிருள்ள புலியைப் பார்த்ததில்லை. ஜப்பானில் புலி கிடையாது. வெளியிலிருந்து வந்த தோல்களையும் வெளிநாட்டு ஓவியங்களையும் வைத்து வரைந்தார்கள். அதனால் முகத்தில் கொஞ்சம் பூனைச் சாடை. இதைவிட வேடிக்கை, புலிகளுக்கு நடுவே சிறுத்தைகளும் இருக்கின்றன. தப்பாக வரைந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சிறுத்தைதான் பெண் புலி என்று அன்றைக்கு நம்பினார்கள். ஆக, ஓவியரின் கணக்கில் அது ஒரு குடும்பப் படம்.

1626இல் இந்த ஓவியங்களைச் செய்தது கானோ என்ற ஓவியப் பரம்பரை. தலைமை தாங்கிய கானோ தன்யூ 1602இல் பிறந்தவர். இருபத்து நான்கு வயதில் ஒரு அரண்மனையின் சுவரை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள்! மொத்தம் சுமார் 3,600 ஓவியப் பலகைகள், அவற்றில் 1,016 அரசின் முக்கியப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் அறைகளில் பார்ப்பதில் பெரும்பகுதி நகல், அசலைப் போலவே தீட்டி மாட்டியவை. அசல்கள் வளாகத்துக்குள் இருக்கும் தனிக் காட்சிக்கூடத்தில், அவ்வப்போது மாற்றி மாற்றி வைக்கப்படுகின்றன. 'நகலா' என்று முகம் சுளிக்காதீர்கள். தங்கம் புதிதாக இருந்தபோது இந்த அறைகள் எப்படி மின்னியிருக்கும் என்பது நகலில்தான் தெரிகிறது.

பாடும் தரை உண்மையா? திருடன் வந்தால் தெரிய வேண்டும் என்று செய்தார்களாமே?

சத்தம் உண்மை. தாழ்வாரத்தில் காலை வைத்ததும் கீச், கீச் என்று கேட்கும். பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் ஒரு மரம் நிறையக் குருவிகள் அடைந்த மாதிரி. உகுயிசு என்ற பறவையின் பெயரை வைத்து 'உகுயிசுபாரி' என்கிறார்கள். காலைத் தூக்கி மெதுவாக வைத்தால் சத்தம் கூடுமே தவிரக் குறையாது, செய்து பார்த்தோம்.

காரணத்தைக் கண்டுபிடித்தது தோழிதான். உள்ளே பார்த்து முடித்துத் தோட்டத்துப் பக்கம் வந்ததும் ஆளைக் காணோம். தேடினால், தாழ்வாரத்துக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரைக்கு அடியில் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். "ஏய், இங்க வாடி. உன் குருவி இங்கதான் இருக்கு." நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டுக்குக் கண் பழகியதும் தெரிந்தது: தரைப் பலகையை அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தோடு பிடித்து வைக்க, உள்ளங்கை நீளத்தில் இரும்புப் பட்டைகள், அவற்றின் ஓட்டைகளில் ஆணிகள். மேலே யாரோ நடந்தார்கள். பலகை ஒரு நூல் அளவு இறங்கி ஏறியது, ஆணி இரும்பில் உரசியது, கீச். அடுத்த அடி, அடுத்த கீச். மேலே சங்கீதமாகக் கேட்டது, கீழே நம் வீட்டுப் பழைய கதவுக் கீல் சமாசாரம்தான்.

கள்ளர்களையும் ஒற்றர்களையும் பிடிக்கத் திட்டமிட்டுச் செய்தது என்ற கதை எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. ஆனால் ஆணிகள் தேய்ந்து தளர்ந்ததால் வந்த சத்தம் என்ற விளக்கமே இப்போது அதிகம் சொல்லப்படுகிறது. தோழி இரண்டாவது கட்சி. எனக்கு மனசு இன்னும் ஒற்றன் பக்கம்தான், ஆனாலும் அந்த ஆணியை நேரில் பார்த்த பிறகு வாதாட முடியவில்லை.

பெருங்கூடத்தில் சிவப்புக் குஞ்சம் தொங்கும் கதவு ஒன்றும் உண்டு. அதற்குப் பின்னால் மெய்க்காவலர்கள் ஒளிந்திருந்தார்கள் என்பார்கள். மேல்தட்டு அறைகளில் வழக்கமாக வைக்கிற அலங்காரக் கதவு அமைப்பு அது என்கிறவர்களும் உண்டு.

இவ்வளவு செலவு செய்து யாருக்காக அலங்கரித்தார்கள்?

மாப்பிள்ளைக்காக. நிஜமாகவே.

1620இல் ஷோகுன் ஹிதெததா தன் மகள் மசாகோவைப் பேரரசர் கோ-மிஸுனோவுக்குக் கட்டிக்கொடுத்தார். 1626இல் பேரரசர் நிஜோவுக்கு வந்து ஐந்து நாள் தங்கினார். அப்போது ஹிதெததா பட்டத்தை மகன் இயெமிட்சுவிடம் கொடுத்துவிட்டு ஓய்வில் இருந்தார். ஆக, மாமனாரும் மச்சானும் சேர்ந்து கொடுத்த விருந்து. மாப்பிள்ளை வருகிறார் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்போம் இல்லையா, இவர்கள் கோட்டையை மேற்கே நீட்டி, அகழியை வெட்டி, ஐந்தடுக்குக் கோபுரத்தை நிறுத்தி, பேரரசருக்கென்றே தனி மாளிகை எழுப்பி, சுவரெல்லாம் தங்கம் பூசினார்கள். நுழைவு வாயிலாகிய கிழக்குப் பெருங்கதவை அப்போது ஒற்றை அடுக்காகவே வைத்திருந்தார்களாம், மாடியில் நிற்கும் எவனும் பேரரசரைக் குனிந்து பார்த்துவிடக் கூடாதே! இன்று நாம் நுழையும் இரண்டடுக்கு வாயில் 1662 வாக்கில் மாற்றிக் கட்டியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. 1634இல் இயெமிட்சு பெரும் படையோடு ஒருமுறை வந்து போனார். அடுத்த ஷோகுன் இந்த வாசலை மிதித்தது 1863இல். இடையில் 229 வருடம், வீட்டுக்காரர் வராத வீடு. காவலர்கள் மட்டும் பூட்டித் திறந்துகொண்டிருந்தார்கள். 1750இல் இடி விழுந்து கோபுரம் எரிந்தது, திருப்பிக் கட்டவில்லை. 1788இல் நகரமே எரிந்த பெருந்தீயில் ஹொன்மாரு அரண்மனை போனது. நினோமாரு தப்பியது.

1867இல் கடைசி ஷோகுன் யோஷினோபுவின் காலத்தில், 40 சிற்றரசுகளின் ஆட்களை இதே பெருங்கூடத்துக்கு வரவழைத்து, ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பிக் கொடுக்கும் முடிவைத் தெரிவித்தார்கள். தொகுகவா வம்சம் ஷோகுன் பட்டத்தைக் கொண்டாடியதும் இந்தக் கோட்டையில், விட்டுக்கொடுத்ததும் இதில். அந்தக் கூடத்தின் தரையைக் கவனியுங்கள்: ஷோகுன் உட்காரும் பகுதி மற்றதைவிட ஒரு படி உயரம். அந்த ஒரு படிக்காகத்தான் அத்தனை ஆரவாரமும்.

தோட்டத்தில் என்ன பார்க்க வேண்டும்?

மூன்று தோட்டங்கள் உண்டு. நேரத்தைச் சமமாகப் பங்கு போடாதீர்கள், நினோமாரு தோட்டத்துக்கே பெரும்பகுதியைக் கொடுங்கள்.

குளம், நடுவே மூன்று தீவுகள். பெரியது ஹோராய், சாகாவரம் பெற்றவர்கள் வாழும் தீவு என்று சீனக் கதையில் வருவது. இரு பக்கமும் கொக்குத் தீவு, ஆமைத் தீவு, இரண்டும் நீண்ட ஆயுளின் அடையாளம். 1626 விருந்துக்காகத் தோட்டத்தைத் திருத்தியவர் கொபோரி என்ஷு, தேநீர்ச் சடங்கிலும் தோட்டக் கலையிலும் பெரிய பெயர். பெருங்கூடம், குரோஷொயின், விருந்துக்காக எழுப்பிய பேரரசரின் மாளிகை என்று மூன்று இடங்களிலிருந்து பார்த்தாலும் முகம் காட்டும்படி அமைத்தார். பேரரசரின் மாளிகையை விருந்துக்குப் பிறகு பிரித்து எடுத்துவிட்டார்கள். இன்று தெற்குப் பக்கம் நின்று பார்க்கும்போது, கிட்டத்தட்ட மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்க்கிறீர்கள்.

பூ எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே ராஜா கல்தான். கூரான, முரட்டுக் கற்கள், நட்டுக்குத்தலாக, நெருக்கமாக. கோயில் தோட்டங்களின் அடக்கம் இதில் இல்லை, கவசம் போட்ட ஆட்கள் கரையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. நடந்துகொண்டே பார்த்தால் ஒரு கல் இன்னொன்றை மறைத்து, அப்புறம் விட்டுக்கொடுக்கும். தோழி ஓரிடத்தில் நின்று படம் எடுத்தாள், நான் பத்தடி தள்ளி எடுத்தேன். இரவு ஹோட்டலில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு குளம்.

பிப்ரவரியில் போனதால் ஒரு காட்சி கிடைத்தது. சைக்கஸ் செடிகளுக்கு வைக்கோல் பாயைச் சுற்றி, உச்சியில் தொப்பி மாதிரி கட்டி நிறுத்தியிருந்தார்கள். சைக்கஸ் வெப்பப் பகுதிச் செடி, கியோட்டோவின் பனி தாங்காது. அந்தக் காலத்தில் கியூஷு தீவின் சாகாவை ஆண்ட நபெஷிமா பிரபு ஷோகுனுக்குக் காணிக்கையாக அனுப்பிய வகை இது என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தபோது சாக்கு போர்த்திக்கொண்டு யாரோ குளத்தைக் காவல் காக்கிறார்கள் என்றே நினைத்தோம்.

வடக்கே இருக்கும் செய்ரியூ தோட்டம் 1965இல் போட்டது. பாதி ஜப்பானிய பாணி, பாதி புல்வெளி. தேநீர் வீட்டில் உட்கார்ந்து மட்சா குடிக்கலாம், கூட ஒரு இனிப்பு வரும். காலுக்கு ஓய்வு, அவ்வளவுதான்.

ஹொன்மாருவுக்கும் போகத்தான் வேண்டுமா?

இரண்டாம் தடவை போகிறவர்களுக்கு நல்லது. அசல் ஹொன்மாரு எரிந்துபோனதால், பேரரசர் மாளிகை வட்டாரத்திலிருந்த கத்சுரா இளவரசர் குடும்பத்தின் வீட்டை 1893-94இல் இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி வேலை செய்வதற்காகச் சுமார் 18 வருடம் மூடிக் கிடந்து, 2024 செப்டம்பரில் திறந்தது. நினோமாரு ஆணின் மிடுக்கு என்றால் இது குடித்தனம் நடந்த வீடு. கோபுரம் எரிந்த இடத்தில் கல் மேடை மட்டும் மிச்சம், அதில் ஏறுங்கள், கோட்டை முழுவதும் தெரியும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

வெறும் காய்கறி நூடுல்ஸ் என்று நினைத்து வாங்கினாலும் சூப்பு மீன்சாறாக இருக்கும், காய்ந்த மீன் சீவலைப் போட்டுத்தான் கொதிக்க வைக்கிறார்கள். கடைகளில் உமெபோஷி என்ற புளிப்புக்காய் ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை கிடைக்கும், பெரும்பாலும் தப்பில்லை. தோழிக்கு அது நம் ஊர் நார்த்தங்காய் சாதம் மாதிரி இருந்ததாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

குளிருக்கு, காலுக்கு என்று ஏதாவது?

தடித்த சாக்ஸ். வாசலிலேயே செருப்பு, ஷூ எல்லாம் கழற்றிவிட வேண்டும், உள்ளே ஹீட்டர் கிடையாது. பிப்ரவரிக் காலையில் அந்த மரத்தரை ஐஸ் கட்டிதான். வெளியே பாதை முழுக்க ஜல்லி, முழங்கால் வலிக்காரர்கள் நிதானமாக நடக்க வேண்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது, தோட்டத்தில் எடுக்கலாம். கூட வருகிறவர் வேகமாக நடக்கிற ஆளானால், வாசலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே அவரவர் வேகம், தோட்டத்துக் குளக்கரையில் சந்திப்பு. எங்களுக்குள் சண்டை வராமல் காப்பாற்றியது இந்த ஒரு ஏற்பாடுதான்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதை விடலாம்?

ஹொன்மாருவை விடுங்கள், செய்ரியூவை விடுங்கள், தேநீரையும் விடுங்கள். நினோமாருவுக்குள் போகும் முன் கராமோன் வாயிலின் கீழே இரண்டு நிமிடம் நின்று மேலே பாருங்கள்: கொக்கு, சிங்கம், பைன், மூங்கில் எல்லாம் வண்ணத்தில் செதுக்கியிருக்கும். அதிலிருக்கும் பொன் சாமந்தி முத்திரை பேரரசருடையது, கோட்டை அவர்கள் கைக்குப் போன பிறகு அடித்தது. பழுதுபார்த்தபோது சில இடங்களில் அதற்கு அடியிலேயே தொகுகவாவின் மூவிலை முத்திரை இருந்தது தெரியவந்தது. பழைய வீட்டுக்காரர் பெயர்ப்பலகையைக் கழற்றாமல், மேலேயே புதுப் பலகையை அடித்திருக்கிறார்கள். பிறகு அரண்மனை, பிறகு குளம். வெளியேறும் முன் தாழ்வாரத்துக்கு அடியில் குனிந்து அந்த ஆணியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.